கோட்டைக் கோட்டால் இணைக்கவும்

அதிபர் ஏதோ கருத்தரங்கில் வாங்கி வந்த கட்டு.
'குளிர்காலச் செயற்பாடுகள், தரம் இரண்டு.'
முப்பத்திரண்டு போட்டோக் கொப்பி,
மை தீர்கிற மெஷினில் எடுத்தவை.
அதனால் எங்கள் பனிமனிதன்
ஆமர் வீதி லொறிப் புகை நிறத்தில் இருக்கிறான்.

கோட்டைக் கோட்டால் இணைக்கவும் என்று வாசித்தேன்.
எந்தக் கோட்டை டீச்சர், எந்தக் கோட்டால்?
கால் மணித்தியாலம் அதிலேயே போனது.

தை மாதம், காலை பத்து மணி,
சுவர் வெப்பமானியில் இருபத்தொன்பது.
இரண்டு மின்விசிறிகளில் ஒன்று சுற்றுகிறது;
மற்றது சுற்றுகிற சத்தம் மட்டும் போடுகிறது.

குளிர் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்.
பல்லு டொக்டரின் அறையில் என்றாள் அன்ரோனெட்.
சுப்பர்மார்க்கெட்டில் யோகட் அடுக்கிய மூலையில்.
பஸ்ஸில், ஏசி ஓட்டைக்கு நேர் கீழே இருந்தால்.
அப்பப்பாவை வைத்த கண்ணாடிப் பெட்டியில்
என்றான் யதுர்ஷன்.
ஒருவரும் சிரிக்கவில்லை.
அதையும் கரும்பலகையில் எழுதினேன்.

பிறகு சோதனை.
ஸுல்பிகாரின் வாப்பா
முகத்துவாரத்தில் வள்ளங்களுக்கு ஐஸ் உடைக்கிறவர்.
ரெஜிபோம் பெட்டியில் கொடுத்து விட்டிருந்தார்.
மூடியைத் திறந்ததும்
வகுப்பு முழுக்கச் சூரை மீன் வாசம்.

ஒரே அளவில் இரண்டு கட்டி.
ஒன்று வெறும் பீரிசில்.
மற்றது, நுவரெலியாவில் நான் வாங்கி
சோடியைத் தொலைத்துவிட்ட
கம்பளிக் காலுறைக்குள்.
எது முதலில் உருகும்? கையை உயர்த்துங்கள்.

காலுறை, காலுறை என்று முப்பது கைகள்.
பாவம் டீச்சர், அதுக்கு உள்ளே வேர்க்கும்.
உயராத கைகள் இரண்டு.
ஸுல்பிகாரின் கை,
அவனுக்குத் தெரியும்.
மிருதுளாவின் கை,
அவள் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இடையில் பதினோராம் வாய்ப்பாடு சொன்னோம்.
ஒரு காகம் வந்து பீரிசை எட்டிப் பார்த்தது.
இடைவேளை மணிக்கு முன்னர்
பீரிசில் தண்ணீர்தான் மிச்சம்.
காலுறையை உதறினேன்:
நெல்லிக்காய் அளவில்
ஒரு கட்டி மேசையில் விழுந்து வழுக்கியது.

சத்தம் அடங்கப் பொறுத்திருந்து
எழுந்து நின்று சொன்னான் ஸுல்பிகார்:
வாப்பா மரத்தூள் போட்டுத்தான் மூடுவாரு.
தூளுக்குச் சூடும் இல்ல, குளிரும் இல்ல.
உள்ள இருக்கிறத வெளிய விடாது,
வெளிய இருக்கிறத உள்ள விடாது.
அவ்வளவுதான் டீச்சர்.

நான் கல்வியியற் கல்லூரியில்
இரண்டு தவணை படித்த பாடம் அது.

அப்போதுதான் மிருதுளா திரும்பினாள்.
அவளுடைய அம்மா மிலானில்,
யாரோ ஒரு கிழவரைக் குளிப்பாட்டுகிற வேலை.
போன மாதம் வீடியோவில்
முழங்கால் வரை கறுப்புக் கோட்டுடன் நின்றாராம்,
பின்னால் ரோட்டெல்லாம் வெள்ளை.

அப்ப டீச்சர்,
கோட்டு சூடு குடுக்கிறதில்லையா?

இல்லை மிருதுளா.

அப்ப அதுக்குள்ள இருக்கிற சூடு அம்மாட சூடா?

ஓம் என்றேன்.
சரியான விடைதான்.
எந்தப் பரீட்சையிலும் புள்ளி கிடைக்கும்.
ஆனாலும் அதைச் சொன்ன பிறகு
கரும்பலகையைத் துடைக்கத் தொடங்கினேன்,
துடைக்கத் தேவையில்லாத பக்கத்தையும்.

கொப்பிகள் சேர்க்கும்போது பார்த்தேன்.
அவளுடைய தாளில் ஒரு கோடும் இணைக்கப்படவில்லை.
தொப்பி, கையுறை, சப்பாத்து எல்லாம்
அந்தந்த இடத்தில் சும்மா கிடந்தன.
பனிமனிதனுக்கு மட்டும்
கழுத்திலிருந்து தரை வரை
கறுப்புக் கிறேயோனால் ஒரு கோட்டு,
தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி.
பொத்தான்கள் பதினொன்று. எண்ணினேன்.

இது ஏன் என்று கேட்டதற்கு,
இப்ப இவர் இங்க வரலாம் டீச்சர், உருகமாட்டார்
என்றுவிட்டு
போத்தலை எடுத்துக்கொண்டு
தண்ணீர்க் குழாயடிக்கு ஓடினாள்.

விடைத்தாளில் இதற்கு இடமில்லை.
சரி போடுவதா என்று இன்னும் தெரியவில்லை.
காலுறை யன்னல் கம்பியில் காய்கிறது,
நாளைக்கும் மீன் மணக்கும்.